பாட்டு யாருக்குச் சொந்தம்?

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பறையும் உடுக்கையும் ஒலிபெருக்கிப் பாடல்களும் கலந்தே கேட்கும். அந்த ஒலிகளோடு வளர்ந்த எங்கள் தெரு இளைஞர் ஒருவர், பறையையும் மின்கிதாரையும் இணைத்து ஹெவி மெட்டல் பாடலொன்றைத் தன் மடிக்கணினியிலேயே உருவாக்கியிருக்கிறார். அதை வெளியிட முன்வந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு அண்மையில் என்னிடம் வந்தார். அனைத்து உரிமைகளையும் எக்காலத்துக்கும் எழுதிக் கேட்டிருந்தார்கள்.

அவருக்கு நான் சுட்டிய முன்னுதாரணம் டெல்லியின் ‘பிளட்டிவுட்’. 2016இல் பிரபலப் பாடல்களைப் பகடி செய்யத் தொடங்கிய மெட்டல் இசைக்குழு அது. வழக்கறிஞர் பணியை விட்டுவந்த கரண் கட்டியார் இசையமைப்பிலும் ஒலிப்பதிவிலும் முன்னின்றார். அவர்கள் வெளியிட்ட தனிப்பாடலான ‘ஜீ வீரே’ மனச்சோர்வோடு போராடுவோருக்கானது. பாடலோடு நிற்காமல், உளவியல் ஆலோசனைக்குத் தாங்களே பணம் செலுத்தி, தேவைப்பட்ட ரசிகர்களுக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். பாடல் தங்கள் கையில் இருந்ததால் இதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் மேடையேறினார்கள். சொந்தப் பாடல்கள் கொண்ட ‘ரக்‌ஷக்’ ஆல்பத்தையும் 2022இல் தாங்களே வெளியிட்டார்கள். அமெரிக்க நிறுவனமொன்றோடு கைகோத்தது அதன் பிறகுதான். அதற்குள் பேரம் பேசும் வலிமை வந்திருந்தது.

தமிழில் மறுபக்கத்தையும் கண்டோம். 2021இல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்தது. ஆனால், அறிவு, தீ, தான் ஆகிய மூவருக்கும் அதிலிருந்து வருவாய் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகக் கூறினார். வெளியீட்டு நிறுவனத்தின் விளக்கம் வேறாக இருந்தது. யார் சொல்வது சரி என்பதை விடுவோம். பாடல் வெற்றி பெற்றாலே பணம் வந்துவிடாது என்பது தெளிவு.

சட்டம் கலைஞரைக் கைவிடவில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமது ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. ஒலிப்பதிவின் முதல் உரிமையும் அதைத் தன் செலவில் தயாரித்தவருக்கே உரியது. இங்கே மூன்று பொறுப்புகளும் ஒரே இளைஞருடையவை. எனினும், ஒலிப்பதிவின் உரிமையை நிரந்தரமாக எழுதிக்கொடுத்துவிட்டால் மீட்பது கடினம். சிறு நகரக் கலைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல, மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் கல்லூரிகளும் பாடத்திட்டத்தில் ஒரு நாளையேனும் ஒதுக்க வேண்டும்.

‘எக்காலத்துக்கும்’ என்பதை அடித்துவிட்டு ‘மூன்று ஆண்டுகள்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை. பாடல் அவருடைய மடிக்கணினியிலேயே இருக்கிறது. இப்போதைக்கு அவருக்கே சொந்தமாக.