பிள்ளைகளின் முகத்தில் யார் முத்திரை?



புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தொடங்கி வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரையில் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் விழாக் காணொளிகள் அவ்வப்போது என் கைக்கு வருகின்றன. பிள்ளைகளின் ஆடலும் பேச்சும் நெஞ்சை நிறைக்கின்றன. ஆனால், படத்தின் நட்டநடுவே ஓர் அயல்நாட்டு மென்பொருளின் பெயர்! இது முன்னோட்டப் பதிப்பு, காசு கொடுத்து வாங்குக என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி. திருக்குறள் ஒப்புவிக்கும் முதலாம் ஆண்டு மாணவியின் முகத்தை அது மறைத்து நிற்கிறது. அதை ஒரு குறையாகவே எவரும் கருதுவதில்லை.

சுட்டிக்காட்டினால் இரண்டு விடைகள் வரும். “தோட்டப் பள்ளிதானே, இதற்கெல்லாம் காசு ஏது?” என்பது ஒன்று. “கவலை வேண்டாம், ‘கிராக்’ செய்த முழுப்பதிப்பு என்னிடம் இருக்கிறது” என்பது மற்றொன்று. கள்ளாமை அதிகாரத்தை வகுப்பில் நடத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் களவாடிய மென்பொருளைப் பள்ளிக் கணினியில் ஏற்றுவது எவ்வகை அறம்? நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலுக்கும் பொருந்தும். சட்டம் கிடக்கட்டும், பூட்டு உடைத்த மென்பொருளோடு நச்சுநிரலும் சேர்ந்து வந்து, பல்லாண்டுக் கோப்புகளை ஒரே நாளில் விழுங்கிவிடுமே!

இத்தனைக்கும் நாம் செய்ய விரும்புவது என்ன? துண்டு துண்டாக இருக்கும் காணொளிகளை ஒன்றாக்குவது, அவ்வளவே. ‘ஃபேட் 32’ முறையில் அமைந்த நினைவக அட்டையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதனால் பல படக்கருவிகள் ஒரே நிகழ்ச்சியை மூன்று நான்கு கோப்புகளாக வெட்டிவிடுகின்றன. ஒரே கருவி பதிந்த அத்துண்டுகளின் படஅளவும் குறியாக்கமும் ஒன்றே. இரண்டு பூச்சரங்களை இணைக்க முடிச்சு ஒன்று போதும். பூக்களை உதிர்த்து மீண்டும் தொடுக்க வேண்டியதில்லை. காணொளியும் அப்படித்தான். மறுகுறியாக்கம் இல்லாமல் அப்படியே ஒட்டினால் படத்தின் தரம் குறையாது. பழைய கணினியிலும் விரைவில் முடிந்துவிடும். இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, மங்கிய படத்தைப் பெறுவோர் இதை அறிய வேண்டும்.

இதற்கான கருவிகள் காசில்லாமல், களவில்லாமல் கிடைக்கின்றன. 2000-இல் பிரெஞ்சு நாட்டவரான ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இவற்றுள் முதன்மையானது. கட்டளை வரி அச்சுறுத்துகிறதா? அதையே உள்ளே வைத்து இயங்கும் லாஸ்லெஸ்கட் இருக்கிறது. கோப்புகளை இழுத்துப் போட்டு வரிசைப்படுத்தினால் போதும். ஏவிடெமக்சில் முதல் கோப்பைத் திறந்து, அடுத்தவற்றை ‘அப்பெண்டு’ வழியாகச் சேர்த்து, படம் ஒலி இரண்டையும் ‘காப்பி’ என்றே விட்டுச் சேமிக்கலாம். பல பெற்றோரின் கைப்பேசிகளில் எடுத்த வெவ்வேறு வகைத் துண்டுகளாயின் மறுகுறியாக்கம் தேவைதான். அதற்கும் ஷாட்கட் என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு.

‘இலவயம்’ என்று எழுதியிருப்பதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. மைக்ரோசாப்டு தன் மூவி மேக்கருக்கான ஆதரவை 2017 சனவரியில் நிறுத்தியது. அவ்வாண்டே அதன் பெயரில் ஒரு போலி இணையத்தளம் கடைவிரித்தது. பயனர் படத்தைத் தொகுத்து முடித்துச் சேமிக்கப் போகையில், ஏறத்தாழ 30 அமெரிக்க டாலர் கட்டு என்றது! கட்டற்ற மென்பொருள் வேறு, காசில்லாததுபோல் நடிப்பது வேறு. முன்னதன் மூலநிரல் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. அதை எத்தனைக் கணினியிலும் ஏற்றலாம், மாணவனுக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். அரசே 2004-இல் பொதுத்துறைக்கெனத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. நம் பள்ளிகளில் அதைப் படித்தவர் எத்தனை பேரோ!

இது விழாப் படத்தோடு முடியும் சிக்கலன்று. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துக் கோயில் திருவிழா, பழைய பள்ளிக் கட்டடம், பால்மரம் வெட்டிய பாட்டியின் பேச்சு ஆகியவை யார் யாருடைய பழைய கைப்பேசியிலோ, பெயரிடப்படாத கோப்புகளாகக் கிடக்கின்றன. எது முன், எது பின் என்று சொல்லத் தெரிந்தவர்கள் மூப்படைந்து வருகிறார்கள். அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு அத்துண்டுகளை வரிசைப்படுத்தி இணைப்பதை விடவா பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு வேறு அவசர வேலை?

வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கணினி அறையைத் திறந்துவையுங்கள். பெற்றோர் தம் நினைவக அட்டைகளோடு வரட்டும். ஆறாம் ஆண்டு மாணவர்களே கோப்புகளை இணைத்துக் கொடுப்பார்கள். இணைத்த படத்தை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டிப் பார்க்கும் முன் மூலத்துண்டுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.