பத்து நிமிஷ ஊர்!

"சென்னையை விட்டு சேலம் வந்துட்டோம்... அப்பாடா, நிம்மதி!" என்று சொல்பவரா நீங்கள்? உங்களிடம் கொஞ்சம் பேசணும்.

நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தான். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு தினமும் மின்சார ரயிலில் இடிபட்டவர் என் கணவர். மாற்றலாகி இங்கே வந்ததும் அஸ்தம்பட்டியில் வீடு, நாலு ரோடு பக்கம் ஆபீஸ். ஸ்கூட்டரில் பத்தே நிமிஷம்! மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. சுடச்சுட சாதம், குழம்பு, ரசம், தயிர்... அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். சாயந்திரம் திரும்பும்போது கையில் தட்டுவடை செட் பொட்டலம். ராஜ வாழ்க்கைதான், போங்கள்!

மூணே வருஷம். எடை எட்டு கிலோ ஏறியது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 148! (126-ஐத் தொட்டாலே நீரிழிவுக் கணக்குதான்.) மறுபடி எடுத்தபோதும் அதே கதை. மாமியாருக்கும் சர்க்கரை உண்டு, மறைக்கவில்லை. ஆனால், "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்குங்க" என்று பரிமாறியது யார்? நான்தானே!

தாம்பரத்தில் திட்டிக்கொண்டாவது ஸ்டேஷனுக்கு நடந்தார், படியேறினார், நின்றபடி போனார். இங்கே? கேட்டிலிருந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டரிலிருந்து நாற்காலி. ஊர் நமக்கு தினமும் ரெண்டு மணி நேரம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அதை நாம் டி.வி.க்கும் செல்போனுக்கும் தாரை வார்க்கிறோம். இது பெருநகரத்து வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13 கோடிக்கும் மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

"இந்த வெயில்ல எப்படிங்க நடக்கறது?" என்பீர்கள். நியாயம்தான். இங்கே கடற்காற்றா வீசுது? சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுதே! ஆனால் காலை ஆறு மணிக்கு கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குப் போய்ப் பாருங்கள், சேர்வராயன் மலையைப் பார்த்தபடி நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர் இப்போது ஆபீசுக்கே நடந்து போகிறார். மாத்திரையையும் விடவில்லை. மத்தியானம் சாதம் பாதி, காய் ரெட்டிப்பு. சாப்பிட்டதும் தூக்கத்துக்குப் பதில் ஹாலிலேயே பத்து நிமிஷம் உலாத்தல்.

தட்டுவடை செட் மட்டும் சனிக்கிழமைக்கு உண்டு. அதுவும் கடைவரை நடந்து போய் வாங்கி வந்தால்தான்!