திராட்சைத் தோட்டங்களில் ஒரு நாள்: காண்பதும் விசாரிப்பதும்

சோளிங்கரிலிருந்து விடியுமுன் மோட்டார் வண்டியில் புறப்படுவோர் சித்தூர், முல்பாகல், கோலார் வழியாகச் சென்று, முற்பகலுக்குள் நந்தி மலையின் அடிவாரத்தை அடையலாம். அங்கே தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர்ப் பக்கங்களில் ‘பெங்களூர் நீலம்’ என்னும் திராட்சை தலைமுறை தலைமுறையாகப் பயிராகி வருகின்றது. 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது. அம்மேட்டு நிலத்திலேயே 1988ஆம் ஆண்டில் கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சு வகைக் கொடிகளைக் கொண்டு மதுத்திராட்சைத் தோட்டமும் ஆலையும் அமைக்கத் தொடங்கினார். இன்று அவ்விடத்தில் கட்டணம் செலுத்துவோரை வழிகாட்டி ஒருவர் தோட்டத்தினூடே அழைத்துச் சென்று, பழம் மதுவாகும் முறையை விளக்கி, இறுதியில் ருசி பார்க்கவும் செய்து அனுப்புகின்றார். பட்டணவாசிகளுக்கு இது பொழுதுபோக்கு. நிலமுடைய குடியானவருக்கு இது பள்ளிக்கூடமாகவும் அமையலாம். பெருநஷ்டத்தின் முதற்படியாகவும் அமையலாம். இரண்டில் எது நேரிடும் என்பது, அவர் அங்கே என்ன கண்டார் என்பதைக் காட்டிலும் என்ன விசாரித்தார் என்பதைப் பொறுத்ததாகும்.

வழிகாட்டி காட்டும் காட்சிகள் மனத்தைக் கவர்வனவே. ஒழுங்கான வரிசைகளில் கம்பிகளின்மேல் படர்ந்த கொடிகள், சொட்டுநீர்க் குழாய்கள், பளபளக்கும் எஃகுத் தொட்டிகள், குளிர்ந்த அறைகளில் அடுக்கிய ஓக் மரப் பீப்பாய்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் குடியானவர், தமது கரும்பையும் வேர்க்கடலையையும் நோக்கி, ‘இத்தனை நாள் வீணாயிற்றே’ என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவர் கண்டது ஓராண்டின் ஒரு நாளை மட்டுமே. அதுவும், பார்வையாளர் பெரும்பாலும் விரும்பி வருவது பழம் பழுத்துத் தொங்கும் மாசி, பங்குனிக் காலமாகையால், அவர் காண்பது ஆண்டின் மிக நல்ல நாளாகும். மீதமுள்ள நாட்களில் நடப்பது என்ன என்பதைக் கேட்டறியாமல் திரும்புவது, கலியாணப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டுக் குடித்தனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அந்த மீதி நாட்களின் கணக்கு எளியதன்று. குளிர்தேசங்களில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தானே உறங்கும். நம் நாட்டு வெப்பத்தில் அது உறங்குவதில்லை. கவாத்துக் கத்தியினாலேயே அதனை ஒழுங்குபடுத்த வேண்டும். நாசிக் ஜில்லாவில் சித்திரையை ஒட்டி ஒருமுறை கிளை வளர்ப்பதற்காகவும், புரட்டாசி ஐப்பசியில் மறுமுறை பழத்திற்காகவும் கவாத்துச் செய்கின்றனர். எந்த மொட்டை விட்டு எந்த மொட்டை நறுக்குவது என்பது தேர்ந்த கைகளுக்கே தெரியும். அக்கைகள் உரிய வாரத்தில் கிடைக்காவிடில் அந்தப் போகம் போயிற்று. பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் முதலிலேயே வாங்கியாக வேண்டும். பன்னீர் வகையை 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 670 கொடிகள் நிற்கும். அத்தனைக்கும் குழி, எரு, கொழுகொம்பு, காவல் ஆகியவை வேண்டும். நட்டது முதல் விற்கத்தக்க மகசூல் வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். அதுவரையில் குடும்பம் எதை உண்ணும் என்பதும் விசாரிக்கவேண்டிய கேள்விகளுள் ஒன்று.

விசாரிக்கும் கண்ணோடு தோட்டத்தினூடே நடப்பவன் என்ன அடையலாம் என்பதற்குத் திராட்சையின் சரித்திரத்திலேயே சிறந்ததோர் உதாரணம் உண்டு. 1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்சு தேசத்துக் கொடிகளைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. 1882ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், போர்தோ சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரியான மில்லார்தே என்பவர் மெதோக் பிரதேசத்தில் ஒரு தோட்டத்தின் வழியே நடந்து சென்றார். உள்வரிசைகளில் கொடிகள் இலையிழந்து நிற்க, பாதையோரத்துக் கொடிகள் மாத்திரம் பச்சையாக இருப்பதைக் கண்டு வியந்தார். அருகிற் சென்று நோக்கியபோது இலைகளில் நீலப்பூச்சு ஒன்று காணப்பட்டது. அவர் அதோடு நின்றாரில்லை. தோட்டத்தின் நிர்வாகியை விசாரித்தார். வழிப்போக்கர் பழத்தைத் திருடாதிருக்கும் பொருட்டு, பாதையோரக் கொடிகளின்மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து, விஷம்போல் தோன்றச் செய்வது அவ்வூர் வழக்கமென்று விடை கிடைத்தது. அவ்விடையைக் கொண்டு சோதனைகள் நடத்தி 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டதே போர்தோ கலவை. 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 100 லிட்டர் நீரில் சேர்ந்த அக்கலவை, இன்றளவும் பல தேசத்துப் பயிர்களைக் காத்து வருகின்றது. அப்பாதையில் அதற்கு முன்னும் எத்தனையோ பேர் நடந்திருப்பர். பச்சை இலையைக் கண்டும் இருப்பர். காரணத்தைக் கேட்டவர் ஒருவரே. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழிக்கு இதனினும் தக்க விளக்கம் வேண்டுவதில்லை.

சோளிங்கர்ப் பகுதியிலிருந்து செல்வோர் விசாரிக்க வேண்டுவனவற்றுள் முதலாவது நீர். கிணற்றில் நீர் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பர். நீர் எத்தகையது என்று கேட்பவர் சிலரே. திராட்சைக் கொடி உப்பை, அதிலும் குளோரைடு என்னும் உப்புக்கூற்றை, எளிதில் தாங்காது. இலையின் விளிம்பு கருகத் தொடங்குவது அதன் முதல் அடையாளம். இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையிலுள்ள தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றிய குடியானவர்களுக்கு உவர்நீரின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பச்சைத் தோல்களைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் உப்பு, கழிவுநீரோடு நிலத்தடியிலும் பாலாற்றிலும் கலந்ததன் விளைவைப் பற்றியே, வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. சோளிங்கரைச் சேர்ந்த கிராமங்கள் யாவும் அத்தீங்கிற்கு உட்பட்டவை அல்ல. எனினும் ஒரு கிணறு நல்லதாயிருக்க, அடுத்த கிணறு உவர்ப்பாயிருப்பது எங்கும் உள்ளதே. ஆகவே, யாத்திரை செல்ல விரும்புவோர் தம் கிணற்று நீரையும் நிலத்து மண்ணையும் முன்னதாகவே பரிசோதித்து, அச்சீட்டைக் கையோடு கொண்டு செல்லல் வேண்டும். உவரையும் வறட்சியையும் தாங்கும் ‘டாக்ரிட்ஜ்’ என்னும் வேர்க்கன்றின்மீது ஒட்டுக் கட்டிய கொடிகளை அத்தோட்டக்காரர்கள் பயன்படுத்துகின்றனரா, அவ்வாறாயின் எத்தகைய நீருக்கு அது ஈடுகொடுத்தது என்று, சீட்டைக் காட்டியே கேட்கலாம்.

இரண்டாவது, வானிலை. நந்தி மலையைச் சூழ்ந்த நிலம் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயர்ந்த மேட்டுநிலம், இரவில் குளிரும். சோளிங்கரோ தாழ்ந்த சமவெளி. அதன் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. கவாத்துக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரத்தில் கொடி பூக்கும். நாசிக்கில் நடப்பதைப் பார்த்துப் புரட்டாசிக் கடைசியில் இங்கே கவாத்துச் செய்தால், பூக்கும் காலம் வடகிழக்குப் பருவமழையின் நடுவே வந்து விழும். பூ உதிரும், அடிச்சாம்பல் நோய் பரவும். அங்கே மெத்தச் சரியான மாதம் இங்கே முற்றிலும் தவறான மாதமாகிவிடும். இதனை வழிகாட்டி சொல்லமாட்டார். அவர் சோளிங்கரின் மழையை அறியார். தன் ஊர் மழையை அறிந்தவரே கேட்டறிந்து பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விற்பனை. மகாராஷ்டிர சர்க்கார் 2001ஆம் ஆண்டில் திராட்சை மதுத் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்தபின், நாசிக் பக்கத்தில் அநேகர் மதுவகைக் கொடிகளை நட்டனர். 1999ஆம் ஆண்டில் தோன்றிய சுலா என்னும் நிறுவனம் பார்வையாளருக்கெனத் தனி இடம் அமைத்துப் பெரும் பெயர் பெற்றிருந்தமையும் அவர்களுக்கு ஊக்கமளித்தது. 2008ஆம் ஆண்டை ஒட்டி உலக வியாபாரம் மந்தமானபோது மது தேங்கிற்று. ஆலைகள் பழத்தை ஏற்கத் தயங்கின. நட்டவருட் பலர் கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர். உண்ணும் திராட்சைக்குச் சந்தை ஒன்று கெட்டால் மற்றொன்று உண்டு. மதுவகைப் பழமோ சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது. ஆலை வேண்டாமென்றால் அங்காடியில் விலைபோகாது. வாங்குவோன் ஒருவனேயான பயிரை நடுமுன் அவனது எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம். அன்றியும், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் அமலிலுள்ளது. உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். யாத்திரை சென்று வந்த உற்சாகத்தில் எவரேனும் வீட்டிலேயே தயாரித்து விற்க முற்படுவாராயின், அவரைத் தொடக்கத்திலேயே எச்சரிப்பது கிராம உத்தியோகஸ்தர்களின் கடமையாகும்.

இவற்றையெல்லாம் படிப்போர், ‘அப்படியாயின் சமவெளிக் குடியானவனுக்குத் திராட்சையே ஆகாது போலும்’ என்று கருதலாம். அது சரியன்று. தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய ஊர்களில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கின்றது. 2023ஆம் ஆண்டில் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வெற்றிக்குக் காரணங்கள் உண்டு. 1895ஆம் ஆண்டில் முடிந்த பெரியாறு அணையின் நீர், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கின் காற்று, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக் கற்ற கவாத்து, பழத்தைத் தேடி வரும் வியாபாரிகள் ஆகியவை ஒன்றுகூடின. ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. திராட்சை பயிரிட மெய்யாகவே எண்ணுவோர் நந்தி மலையோடு நில்லாமல், ஓரிரவு தங்குவதாயினும் கம்பத்தையும் பார்த்து வருவது நன்று. அக்காரணங்களுள் எத்தனை தம்மிடம் உள்ளன என்று எண்ணிப் பார்த்தபின் பயிரிடுவோர் துணிந்து பயிரிடலாம். முதலில் கால் ஏக்கருக்கு மேற்படாதிருத்தல் விவேகம்.

திராட்சையே நடாத குடியானவருக்கும் அவ்வொரு நாளில் கற்க ஒன்றுண்டு. அங்கே தோட்டக்காரர் பழத்தையும் மதுவையும் மாத்திரம் விற்கவில்லை. வந்தவருக்குத் தோட்டத்தைக் காட்டுவதையே விலைபொருளாக்கி, வாயிலிலேயே சரக்கை விற்று, இடைத்தரகரின் பங்கைத் தாமே பெறுகின்றனர். சோளிங்கருக்கோ யோக நரசிம்மரைத் தரிசிக்க யாத்திரிகர் கூட்டம் கூட்டமாக வருகின்றது. 1,305 படிகளை ஏற இயலாதோருக்கென 2024ஆம் ஆண்டில் கம்பிவட ஊர்தியும் ஏற்பட்டுவிட்டது. அக்கூட்டம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் மாந்தோப்பும், கரும்பும், வேர்க்கடலையும் உள்ளன. மரத்திற் பழுத்த மாம்பழத்தைத் தரம் பிரித்துத் தோப்பு வாயிலில் விற்பதற்கும், புது வெல்லம் காய்ச்சுவதை நேரிற் காட்டி அங்கேயே நிறுத்துக் கொடுப்பதற்கும் அந்நியதேசத்துக் கொடி தேவையில்லை; சுத்தமும், நேர்மையான தராசும், வந்தவரை முகமலர்ந்து வரவேற்கும் பழக்கமுமே தேவை.

இத்தகைய யாத்திரைகளை ஏற்பாடு செய்யும் கிராம உத்தியோகஸ்தர்கள் சில விஷயங்களைக் கவனித்தல் நலம். பழம் பழுக்கும் காலத்தில் ஒருமுறை செல்வதோடு, கவாத்துக் காலத்திலும் ஒருமுறை செல்லல் வேண்டும். கூட்டம் சிறிதாயிருத்தல் நன்று. ஐம்பது பேர் சென்றால் அது திருவிழாவாகிவிடும், கேள்வி கேட்க இடமிராது. கவாத்திலும் அறுவடையிலும் உழைக்கப்போவோர் பெண்களுமாகையால், அவர்களும் வருதல் அவசியம். ஆலையைக் காட்டும் வழிகாட்டியோடு நில்லாமல், அக்கம்பக்கத்தில் ‘பெங்களூர் நீலம்’ பயிரிடும் சிறு குடியானவர் இருவரையேனும் சந்திக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் நஷ்டமடைந்தவராயின் மிகவும் நல்லது. இலாபமடைந்தவர் தம் சாமர்த்தியத்தைச் சொல்வார். நஷ்டமடைந்தவர் காரணத்தைச் சொல்வார். ருசி பார்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் அதற்குமுன் கேள்விகளை முடித்துக்கொள்வது நன்று. திரும்பியபின் ஒரு வாரத்திற்குள் ஊர்ச் சாவடியில் கூடி, நீர், கவாத்து, மருந்து, கூலி, விலை என்னும் ஐந்து தலைப்பிலும் அறிந்தவற்றைப் படித்துக்காட்டி, போகாதவர் கேட்கும் வினாக்களுக்கும் விடை சொல்லல் வேண்டும். விடை தெரியாத வினாக்களை ஒரு தாளில் எழுதிவைத்தால், கவாத்துக் காலத்து யாத்திரைக்கு அத்தாளே வழிகாட்டியாகும்.