தாய்வீட்டிலிருந்து திரும்பும் மாதம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் விடாத வழக்கம். அம்மாபேட்டை நெசவுக் குடும்பங்களிலும் அப்படித்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெற்றவர் குழந்தையோடு கணவர் வீடு திரும்புகிறார். அதற்குமுன் கருத்தடை பற்றி அவரிடம் பேசவேண்டியவர் யார்? போன இடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று தாய்வீட்டுப் பகுதிச் செவிலியர் விட்டுவிடுகிறார். கணவர் ஊரான இங்குள்ள செவிலியருக்கோ அவர் தடுப்பூசி அட்டையோடு வந்த புதுமுகம். குழந்தைக்கு ஊசி போட்டு அனுப்புகிறோம். இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் மறுபடி வரும்போது வயிற்றில் அடுத்தது.

"இன்னும் தூரமே ஆகலைங்க, புள்ள பால் குடிக்குதுங்களே" என்கிறார். அவர் நம்பியதில் பாதி சரி. ஆறு மாதம் முடியாத குழந்தை, தாய்ப்பால் மட்டுமே உணவு, மாதவிலக்கு திரும்பாத நிலை: மூன்றும் சேர்ந்திருக்கும் வரைதான் அந்தப் பாதுகாப்பு. தறிக்குப் போகும் தாய் பகலில் புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கினால் அதை நம்பியிருக்க முடியாது. முதல் விலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நம் வெற்றியே நம் கண்ணை மறைக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள், மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அது நம் சுகாதாரத் துறைக்கே வெட்கம். இரண்டு பெற்றதும் ஆபரேஷன் என்பதை நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளைப் பற்றிப் பேசவே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. ஆணுறை, காப்பர்-டி தவிர, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கின்றன. பாலூட்டும் தாய்க்கு அந்தரா ஆறு வாரத்துக்குப்பின் போடலாம். குழந்தையின் முதல் தவணை பென்டாவேலன்ட் ஊசியும் ஆறாவது வாரம்தான்! அந்த ஒரே வருகையில் தாயிடமும் பேசலாம். 10, 14 வார ஊசிகளுக்கு வரும்போது மறுபடி கேட்கலாம். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்கவேண்டும். சம்மதம் கேட்காமல் பொருத்தும் காப்பர்-டி ஒரு தெருவின் நம்பிக்கையையே கெடுத்துவிடும்.

கரு தங்கிவிட்டவரை அலையவிடுவதும் நிற்கவேண்டும். கருத்தடை முறை பொய்த்துத் தங்கிய கருவை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்கச் சட்டம் இடம்தருகிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதமே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கையெழுத்துக்காக, அல்லது ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதற்காக நாம் திருப்பி அனுப்பும் பெண் ஏதோவொரு கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். உதிரப்போக்கோடு இரவில் வருகிறார்.

தாய்வீட்டுச் செவிலியர் ஊசி அட்டையின் ஓரத்தில் தாய் தேர்ந்த முறையையும் அடுத்த தேதியையும் எழுதி, இங்குள்ளவருக்கு ஒரு போன் செய்யட்டும். இந்த மாதமே தொடங்கலாம்.