நிலநடுக்கமும் பாவமும்

மானிப்பாயில் கிணறு வெட்டுவோர் காணும் சுண்ணக்கல்லும் கங்கைச் சமவெளியும் ஒரே புவித்தட்டின்மேல் அமைந்தவை. அத்தட்டு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிற்று. அம்மோதலில் மடிந்தெழுந்ததே இமயம். மோதல் இன்னும் ஓயவில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 சென்றிமீற்றர் நெருக்கம் அங்கே பாறைகளில் இறுகிச் சேர்கின்றது. ஒருநாள் பிளவு வழியே அவை வழுக்க, நிலம் நடுங்குகின்றது.

1934இல் பீகார் குலுங்கியபோது, தீண்டாமைக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார் காந்தியடிகள், தாகூர் மறுத்தார். நியாயம் தாகூர் பக்கமே என்பேன். தீண்டாமை பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனை ஒழிக்க மனச்சான்று போதும், நிலநடுக்கம் வேண்டுவதில்லை.

2015இல் நேபாளத்தில் மாண்டோர் ஏறத்தாழ 9,000 பேர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றவை உறுதியற்ற கட்டடங்களே. மாணவர்க்கு ஆசிரியர் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். பழியைப் பாவத்தின்மேற் சுமத்தினால், சுவரைத் திருத்த மறந்துவிடுவோம்.