ஓடாத இயந்திரமும் வெட்டப்பட்ட கூலியும்

புல் வெட்டும் இயந்திரம் புறப்பட மறுத்தால் குற்றவாளி யார்? இயந்திரமா, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியா? இதென்ன கேள்வி என்று சிரித்துவிட வேண்டாம். நம் முன்னே ஒரு சம்பளச் சீட்டு இருக்கிறது. அதில் ஒரு நாள் கூலி கழிக்கப்பட்டிருக்கிறது. காரணம் 'மெஷின் ரோசாக்'. இரண்டே சொற்கள்!

சீட்டுக்குரியவர் செபராங் பிறையில் பால் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின், பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குப் போய், ஒரு குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்குத் திடல்களில் புல் வெட்டுகிறார். இவரைப் போன்றோர் எத்தனையோ பேர். தோட்டமாயிருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளோ நகரத்துப் புல்லுக்குப் பின்னால் அலைகிறார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு வாரம் விடாத மழை. உட்கார்ந்து ஓட்டும் அந்தப் புல்வெட்டி ஒரு கித்தானின் கீழ் கிடந்தது. மழை விட்ட அன்று தோழர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. மேற்பார்வையாளர் வந்தார். "சீட்டுக்கு அடியில் இரண்டு ஒயர் இருக்கிறது, பிடுங்கி ஒன்றாக முறுக்கு, ஓடும்" என்றார். தோழர் மறுத்தார். அன்று மாலை வரை அவருக்கு வேறு வேலை கொடுக்கப்படவில்லை. மாதக் கடைசியில் அந்த நாளுக்குக் கூலியும் கொடுக்கப்படவில்லை.

அந்த இரண்டு ஒயரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய இயந்திரங்களில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. கத்தி சுழலும்போது ஓட்டுகிறவர் எழுந்தாலோ தூக்கி எறியப்பட்டாலோ இன்ஜினை நிறுத்துவது அதன் வேலை. பிரேக் மிதியிலும், கத்தியைப் பூட்டும் பிடியிலும் இதேபோன்ற சுவிட்சுகள் உண்டு. பிரேக்கை மிதிக்காமலோ, கத்தியைப் பூட்டியபடியோ சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழலாது. இதைப் பழுது என்று எண்ணிப் போமனுக்கு ஆள் அனுப்பியவர்களும் உண்டு! ஒயரை முறுக்கிவிட்டால் இயந்திரம் ஓடும் என்பது மெய்தான். மழையில் ஊறிய சரிவில் வண்டி புரண்டாலும் ஓடும். கீழே விழுந்தவனின் காலுக்கும் புல்லுக்கும் கத்திக்கு வேற்றுமை தெரியாது. நம் தோழர் அதை அறிந்தே மறுத்தார். அவருக்குப் பரிசு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததோ இந்தச் சீட்டு.

மறுநாள் போமன் வந்தார். இருக்கைச் சுவிட்சின் இணைப்பில் ஈரப்புல் அடைந்து பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. துடைத்து மாட்டினார். கால் மணி நேர வேலை.

அந்தக் கால் மணி நேர வேலையைத் தொழிலாளிக்கு ஏன் கற்றுக்கொடுக்கவில்லை என்று கேட்கிறோம். சாவியைத் திருப்பும்போது இயந்திரமே தன் நோயைச் சொல்கிறது. சத்தமே வராவிட்டால் பேட்டரி, பியூஸ், நாம் சொன்ன சுவிட்சுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி இளைத்திருக்கும், அல்லது அதன் முனைகளில் வெள்ளைப் பூ பூத்திருக்கும். நன்றாக நிரம்பிய 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழன்றும் இன்ஜின் பற்றாவிட்டால் பெட்ரோல், தீப்பொறி, காற்று என்ற மூன்றில் ஒன்று குறைகிறது. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோல் கெடத் தொடங்கும். கார்புரேட்டரின் நுண்துளையில் பிசினாய்ப் படியும். பிளக்கைக் கழற்றினால், ஈரமாயிருந்தால் பெட்ரோல் வந்தும் பற்றவில்லை; காய்ந்த கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும் இயந்திரத்துக்கு டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் இப்படி நேரும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: கத்திப் பக்கம் கை வைக்குமுன் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் குத்தகைக்காரரின் மேசை அறையில் பூட்டிக் கிடக்கிறது! ஒரு பக்கத்தில் தமிழிலும் மலாயிலும், உடன் உழைக்கும் வங்காளதேசத் தோழர்களுக்கு அவர்கள் மொழியிலும் அச்சடித்து ஒட்ட என்ன செலவாகும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இயந்திரத்தைச் செப்பமாய் வைப்பதையும் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பதையும் முதலாளியின் கடமையாக்குகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும் திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 24ஆம் பிரிவில், கூலியில் எவற்றைக் கழிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 'மெஷின் ரோசாக்' இல்லை.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவை நம் தோட்டத் தோழர்கள் அறிவார்கள். நாள் கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை தர வேண்டும். அவர் தகுதியோடும் மனத்தோடும் வந்தும் வேலை தர முடியாவிட்டால், அந்த நாளுக்கும் கூலி தர வேண்டும். பெரட்டுக்கு வந்து நின்றவனை வெறுங்கையோடு திருப்பியனுப்ப முடியாது. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போன நம் பிள்ளைக்கு அந்தப் பிரிவின் நிழல் இல்லை. அதே கை, அதே கத்தி, அதே புல். பாலத்தைக் கடந்ததும் பாதுகாப்பு பாதியாகிவிடுகிறது. இந்த 16ஆம் பிரிவைக் குத்தகைப் புல்வெட்டிகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. நகரத் தொழிலாளியின் விவகாரம் தோட்டச் சங்கத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர் நேற்றுவரை யாருடைய லயத்தில் குடியிருந்தார்?

குத்தகைக்காரருக்குக் கடிதம் போயிருக்கிறது. அடுத்த மாதச் சீட்டில் அந்த ஒரு நாள் திரும்பி வராவிட்டால், இந்தச் சீட்டையும் போமன் எழுதிக் கொடுத்த பில்லையும் சேர்த்து, தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுப்போம்.