கடைசி ரயிலைக் கேட்டு ஆட்டம் வையுங்கள்!

ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். ஆடுகிறவர் வேண்டும். நடத்துகிறவர் வேண்டும். பார்க்கிறவர் வேண்டும். இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது ஆட்டம் ஆகாது.

இப்போது நாலாவதாக ஒருவர் வந்திருக்கிறார். அவர்தான் தொலைக்காட்சி. வரும்போதே பணப்பையோடு வந்தார். அவரை வாசலில் நின்று வரவேற்றார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் வந்த விருந்தாளி, "வீட்டில் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும்" என்று உத்தரவு போட ஆரம்பித்தால் என்ன ஆகும்?

கால்பந்தில் இன்று அதுதான் நடக்கிறது. எந்தக் கிழமை ஆட்டம், எத்தனை மணிக்கு ஆட்டம் என்பதில் தொலைக்காட்சியின் சொல்லே எடுபடுகிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு வருகிற ரசிகரை யாரும் ஒரு வார்த்தை கேட்பது இல்லை.

இதனால் அதிகம் கஷ்டப்படுகிறவர் யார்? மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் அல்ல. காரில் வந்து காரில் போகிறவரும் அல்ல. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளிலிருந்து ரயில் ஏறி வருகிறவர்தான்.

வீடு திரும்பும் கணக்கு

சென்னையில் பெரிய கால்பந்து ஆட்டங்கள் நடக்கும் இடம் பெரியமேட்டில் உள்ள ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம். சென்னையின் எப்.சி. அணிக்கு அதுவே சொந்த மைதானம். தாம்பரத்திலிருந்து அது ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம். போய்வர ஏழை எளியவருக்குத் துணை மின்சார ரயில்தான். 1931-ம் ஆண்டு மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலை நம்பித்தான் தென்புறத்து ஊர்கள் வளர்ந்தன. இன்றும் அந்த ஊர்களின் கடிகாரம் ரயில்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். இந்தியன் சூப்பர் லீக்கில் பல ஆட்டங்கள் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கின. முதல் பாதி 45 நிமிடம். இடைவேளை 15 நிமிடம். இரண்டாம் பாதி 45 நிமிடம். காயத்துக்காக நடுவர் கூட்டும் நேரத்தையும் சேர்த்தால், ஆட்டம் முடிய ஒன்பதரை மணி நெருங்கிவிடும். கூட்டத்தில் நெருங்கி வெளியே வந்து, பூங்கா ரயில் நிலையத்துக்கு நடந்தால் மணி பத்து. ரயில் வரவேண்டும். வந்தால் தாம்பரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடப் பயணம். இறங்கும்போது மணி பதினொன்று.

அதோடு முடிந்ததா? இல்லை. சேலையூருக்கும் முடிச்சூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் போகிறவர் அந்த நேரத்தில் பஸ்ஸைத் தேடவேண்டும். பஸ் இல்லாவிட்டால் ஆட்டோ. ராத்திரி ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம், ஆட்டத்தின் டிக்கெட் விலையைத் தாண்டினாலும் தாண்டும்.

2017-18-ம் ஆண்டுப் போட்டியில் பல ஆட்டங்கள் இரவு எட்டு மணிக்கே தொடங்கின. மேலே போட்ட கணக்கில் இன்னும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆண்டு சென்னையின் அணி கோப்பையை வென்றது. அணிக்கு அது நல்ல காலம். ஆனால் தாம்பரத்து ரசிகருக்கு ஏழரை மணி ஆட்டமே ஏழரை நாட்டுச் சனி! எட்டு மணி ஆட்டத்தை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை என்றால் தொல்லை கூடும். அன்றைக்கு மின்சார ரயில்கள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு வேலைக்காகச் சில ரயில்கள் ரத்தாவதும் உண்டு. மறுநாள் திங்கட்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பெரியவர்களுக்கு வேலை.

விட்டுப்போகிறவர்கள் யார்?

தாம்பரத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார், தாயார், இரண்டு பிள்ளைகள். மாலை நாலு மணிக்கு ஆட்டம் என்றால் நாலு பேரும் வருவார்கள். இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் என்றால் தாயார் தயங்குவார். "பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் எப்படி வருவது?" என்பார். சின்னவனுக்குத் தூக்கம் வரும். கடைசியில் தகப்பனார் மட்டும் வருவார். அவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார். கோல் விழும் நேரத்தில் அவர் பிளாட்பாரத்தில் நிற்பார்.

நாலு டிக்கெட் ஒரு டிக்கெட் ஆகிவிட்டது. நஷ்டம் மூன்று டிக்கெட் மட்டும்தானா? அல்ல. பத்து வயதில் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்த பிள்ளைதான் முப்பது வயதில் தன் பிள்ளையை அழைத்துவருவான். அந்தச் சங்கிலி அறுந்தால், பிறகு எந்த விளம்பரமும் அதை ஒட்டவைக்காது.

சிறிய லீக்குக்கு மிச்சம் மீதி

பெரிய லீக்கின் கதை இது. அடுத்த படியில் இருந்த ஐ-லீக்கின் கதை வேறு விதம். ராத்திரி நேரத்தைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். சிறியவருக்கு மிஞ்சியது பட்டப்பகல். 2017-18-ம் ஆண்டில் ஐ-லீக்கின் பல ஆட்டங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தன. நம் ஊர் இரண்டு மணி வெயில் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. ஆடுகிறவருக்கும் வேதனை. கூரை இல்லாத பகுதியில் உட்காருகிறவருக்கும் வேதனை.

அது மட்டுமா? இரண்டு மணிக்கு யாரால் வரமுடியும்? தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் அமைந்த ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. அங்கே ஆணும் பெண்ணும் முறை வைத்து வேலை செய்கிறார்கள். கடைச் சிப்பந்திக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடையாது. கட்டட வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை கூலி வாங்கும் நாள். சிறிய லீக்கை விரும்பிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இவர்களைப் போன்றவர்களே. இவர்கள் வரமுடியாத நேரமாகப் பார்த்து ஆட்டம் வைத்துவிட்டு, "கூட்டமே இல்லை" என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

சென்னை சிட்டி அணியின் கதை இன்னொரு பாடம். 2016-17-ம் ஆண்டில் அந்த அணி சென்னையில் ஐ-லீக் ஆடியது. அடுத்த ஆண்டு கோவைக்குப் போய்விட்டது. சென்னை ரசிகர் அதைப் பார்க்க ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பயணம் போகவேண்டும். போக முடியாதவருக்குத் தொலைக்காட்சிதான் துணை. 2018-19-ம் ஆண்டுப் போட்டியின் நடுவில் என்ன நடந்தது? மீதி இருந்த ஆட்டங்களில் 30 மட்டுமே ஒளிபரப்பாகும் என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு யார் வென்றது? அதே சென்னை சிட்டிதான்! 2019 மார்ச் 9-ம் தேதி மினர்வா பஞ்சாபை மூன்றுக்கு ஒன்று என்று தோற்கடித்தது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் வாங்கியது. தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை.

இதிலிருந்து தெரிவது என்ன? தொலைக்காட்சியை நம்பி மைதானத்து ரசிகரைக் கைவிட்டால், ஒருநாள் தொலைக்காட்சியும் கைவிடும். அப்போது இருகரையும் இல்லை.

மற்ற நாட்டார் செய்தது

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடப்பது பழைய வழக்கம். அந்த நேரம் எப்படி வந்தது? 1850-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு ஆலை வேலை முடிந்தது. நாளடைவில் ஆண்களுக்கும் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு கிடைத்தது. வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வரத் தோதான நேரம் மூன்று மணி. அங்கே ஆலைச் சங்கைக் கேட்டு ஆட்டம் வைத்தார்கள்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1960 செப்டம்பர் 10-ம் தேதி பிளாக்பூலும் போல்டனும் மோதிய லீக் ஆட்டத்தை நேரடியாகக் காட்டினார்கள். சிறிய சங்கங்கள் பயந்தன. "பெரிய ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், நம் மைதானத்துக்கு யார் வருவார்?" என்று கேட்டன. அந்த முயற்சி விரைவில் நின்றது. சனிக்கிழமை பிற்பகல் 2-45 மணி முதல் 5-15 மணி வரை அங்கே நேரடி ஒளிபரப்பு கூடாது என்ற கட்டுப்பாடும் அந்தக் காலத்தில்தான் வந்தது. பெரிய மரத்தின் நிழலில் சிறிய செடி வாடக்கூடாது என்பதே அதன் கருத்து.

ஜெர்மனியில் ரசிகர்கள் நேராகவே போராடினார்கள். தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவில் ஆட்டம் வைத்தார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர் வெளியூருக்கு எப்படிப் போய்வருவார்? 2018 பிப்ரவரி 26-ம் தேதி திங்கட்கிழமை, டார்ட்மண்ட் மைதானத்துக்கு ஏராளமான ரசிகர்கள் வராமலே இருந்துவிட்டார்கள். வழக்கமாக எண்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் அன்று 54,300 பேர்தான் இருந்தார்கள். கல்லெறியவில்லை. கண்ணாடியை உடைக்கவில்லை. வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். காலி நாற்காலி பேசியது. 2021-22-ம் ஆண்டிலிருந்து திங்கட்கிழமை ஆட்டங்கள் எடுக்கப்பட்டன.

தொலைக்காட்சி எதிரியா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நோயாளியும் முதியவரும் வீட்டிலிருந்தே ஆட்டம் பார்க்க முடிகிறது என்றால் அதற்குத் தொலைக்காட்சிதான் காரணம். ஒரு குக்கிராமத்துப் பையன் நல்ல ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். ஒளிபரப்பு இருந்தால்தான் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால்தான் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடைக்கும். நடத்துகிறவர்கள் சொல்லும் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் ஒன்றை அவர்கள் மறக்கக்கூடாது. தொலைக்காட்சி விலை கொடுத்து வாங்குவது வெறும் பந்தை அல்ல. கூட்டத்தின் ஆரவாரத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. காலி நாற்காலிகளுக்கு நடுவே நடக்கும் ஆட்டத்தை வீட்டில் இருப்பவர்கூட ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குத் திருப்பிவிடுவார். மைதானத்து ரசிகரைக் காப்பது தொலைக்காட்சிக்கும் லாபம்தான்.

செய்யவேண்டியது என்ன?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். நாலு காரியம் போதும்.

முதலாவது, விடுமுறை நாள் ஆட்டத்தை மாலை ஐந்து மணிக்குள் தொடங்குங்கள். வேலை நாள் ஆட்டம் என்றால் ஏழு மணியைத் தாண்டவேண்டாம். வெயில் காலத்தில் பிற்பகல் இரண்டு மணி ஆட்டமே வேண்டாம்.

இரண்டாவது, தேதியையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னதை மாற்றாதீர்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். அதேபோல 60 நாளுக்கு முன்பு ஆட்டத்தின் நேரமும் தெரிந்தால், வெளியூர் ரசிகர் பணத்தை இழக்காமல் பயணம் செய்வார்.

மூன்றாவது, ரயில்வேயோடும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தோடும் பேசுங்கள். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் நடந்தபோது, டிக்கெட்டைக் காட்டியவர்கள் மெட்ரோ ரயிலில் கட்டணம் இல்லாமல் போக ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் மெட்ரோ தாம்பரத்தைத் தொடவில்லை. ஆட்டம் முடிந்த அரை மணியில் பூங்கா நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு ஒரு மின்சார ரயில், அங்கிருந்து உள்ளூர்களுக்குச் சில பஸ்கள் என்று ஏற்பாடு செய்யக்கூடாதா?

நாலாவது, பெரிய ஆட்டம் ஒளிபரப்பாகும் நேரத்தில் சிறிய லீக் ஆட்டத்தை வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை நேரத்தைச் சிறியவர்களுக்கென்று விட்டுக்கொடுங்கள்.

இவற்றை வாய்ச்சொல்லாக விடக்கூடாது. ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். 2010-ம் ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்துவிட்டது. ஒளிபரப்பு உரிமைக்காக இனி எழுதப்படும் ஒவ்வொரு தாளிலும் ரசிகருக்காக ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி எழுத மை அதிகம் செலவாகாது.

ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தனித்தனியாக முணுமுணுத்தால் யார் காதிலும் விழாது. ஊருக்கு ஊர் ரசிகர் மன்றங்கள் கூடிப் பேசட்டும். கையெழுத்து வாங்கட்டும். சங்கத்துக்கும் சம்மேளனத்துக்கும் மரியாதையாக மனுக் கொடுக்கட்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

ஆட்டத்தின் நேரத்தைக் குறிக்க உட்காருகிறவர்களின் மேஜையில் விளம்பரக் கணக்கு இருக்கிறது. இருக்கட்டும். அதன் பக்கத்தில் மின்சார ரயில் கால அட்டவணையையும் ஒன்று வையுங்கள்!